உருண்டையான தாள்

பிள்ளைகளே, மறையூரில் வெல்லம் உருட்டும் ஓர் அம்மாவை மூணாறு பஸ்ஸில் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. கையில் கிடைத்ததை எல்லாம், பஸ் டிக்கெட்டைக்கூட, உருட்டிக்கொண்டே வந்தார்.

டீக்கு பஸ் நின்றது. அங்கே ஒரு கடையில் 'அசல் மறையூர் வெல்லம்' என்று தாள் ஒட்டியிருந்தது. அந்த அம்மா ஓர் உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்ணே, வெரல் தடத்தையே காணோம்? அச்சுல போட்டதா?"

கடைக்காரர் சிரித்தார். "எல்லா வெல்லமும் இனிக்கத்தான்க்கா செய்யும்."

"நல்லா இனிக்கட்டும். எங்க ஊருப் பேரு எதுக்கு? புவிசார் குறியீடு வாங்கியிருக்கோம். மறையூர்ல செஞ்சாத்தான் அந்தப் பேரப் போடலாம்னு சட்டமே இருக்கு. புகார் எழுதட்டா?"

கடைக்காரர் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

பஸ் கிளம்பியபோது அந்தத் தாளும் அவர் கையில் உருண்டையாகியிருந்தது. அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஊர்ப் பெயரே போதும் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.