அப்பாவின் பெயரில் இருந்தவன்

இதில் நான் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பெயரால் நாங்கள் பட்டது போதும்.

எண்பத்தைந்தில், கரவெட்டியில் எங்கள் ஒழுங்கையை இராணுவம் சுற்றி வளைத்த அன்று, தம்பி வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயது. மண் காலோடு கூட்டிக்கொண்டு போனார்கள். “விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம்” என்று தமிழ் தெரிந்த ஒருவன் அப்பாவிடம் சொன்னான். அப்பா நம்பினார். தம்பி பின்னேரம் வந்துவிடுவான் என்று அம்மா அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டார்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தட்டச்சுப் படித்தவள், கொஞ்சம் ஆங்கிலம் எழுதுவேன் என்பதால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் மனுவில், ‘என்ன குற்றத்துக்காக என் தம்பியைப் பிடித்தீர்கள்?’ என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. அடுத்ததில், ‘எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ, ‘உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் தயவுசெய்து அறியத் தரவும்’ என்று முடிந்திருக்கிறது. அதன் பிரதியை இன்று எடுத்துப் பார்த்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. கேட்க உரிமையுள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. களைப்புத்தான் எழுத வைத்தது.

அப்பாவும் அம்மாவும் முகாம் முகாமாகத் திரிந்தார்கள். காங்கேசன்துறைப் பக்கம் போனால் ஒரு பகல் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டும். கடைசியில் ஒருவன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் ஆள் இல்லை என்று கையை விரிப்பான். திரும்பி வந்து அப்பா செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் இருப்பார். நாலு மாதம் இப்படியே போனது.

பிறகு புத்தூரில் இருந்து ஒருவர் வந்தார். தெற்கே காலிப் பக்கத்து முகாமில் இருந்து விடுதலையானவர். எங்கள் வீட்டைத் தேடிப்பிடித்து வந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

“உங்கடை பொடியன் அங்கைதான் இருக்கிறான். சுகமாய் இருக்கிறான். ஆனால் அங்கை அவனுக்கு வேறை பேர்.”

“என்ன பேர்?” என்று அப்பா கேட்டார்.

அவர் சொன்ன பெயர் அப்பாவுடையது.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. பெயர் என்னவென்று கேட்டபோது, அடையாள அட்டையில் உள்ளபடியே தம்பி முழுப்பெயரையும் சொல்லியிருக்கிறான். எழுதியவன் முதல் சொல்லை எழுதிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டான். திருத்தப் போனதற்குத் தம்பிக்குக் கன்னத்தில் ஒன்று கிடைத்ததாம். நாங்கள் மகனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு வாசல் வாசலாக நிற்க, தடுப்புக்காவல் உத்தரவு தகப்பன் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப நான்தான் உள்ளை இருக்கிறன்” என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. “என்ரை பேரெல்லோ என்ரை பிள்ளையை மறைச்சுப் போட்டுது” என்று அதன்பிறகு அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். பிழை எழுதினவனுடையது, உங்களுடையது இல்லை என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை.

பெயரைத் திருத்துவதற்காக நானும் அம்மாவும் கொழும்புக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். நல்ல மனிதர். எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்த முகம். நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“பிள்ளை, இதைக் கிண்டாதேங்கோ. பேர் பிழை எண்டு நாங்கள் சொன்னால், சரியான பேரிலை புது உத்தரவு போட்டு முதலிலையிருந்து தொடங்குவினம். இல்லாட்டி, உங்கடை மகன் எங்களிட்டை இல்லவே இல்லை எண்டு சொல்லிப்போடுவினம். வழக்கு வைக்காமல் பதினெட்டு மாசம் வைச்சிருக்கச் சட்டம் இடம் குடுக்குது. அதுக்குப் பிறகும் வேறை வழியிலை வைச்சிருக்கலாம். உந்தப் பேரிலையெண்டாலும் ஆள் உயிரோடை இருக்கு. அப்பிடியே கிடக்கட்டும்.”

நீதி கேட்டுப் போன நாங்கள், பிழையைப் பிழையாகவே விட்டுவைக்கும்படி ஆலோசனை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்டில் அந்த நேரத்தில் அதைவிட நல்ல ஆலோசனை இருக்கவில்லை.

அடுத்த மாசியில் அப்பா போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்று தோட்டத்தால் வந்து படுத்தவர் எழும்பவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகன் கம்பிக்குப் பின்னால் இருந்தான். சித்தப்பாதான் வைத்தார்.

மூன்றாம் நாள் கிராம அலுவலரான விதானையார் வந்தார். வீட்டில் நடந்த மரணம், அவர் அறிக்கை கொடுத்தால்தான் பதியலாம். படிவத்தை விரித்து, பேனையைத் திறந்தார். வெள்ளைச் சேலையோடு அம்மா வந்து முன்னால் நின்றார்.

“இப்ப வேண்டாம்.”

“சட்டப்படி அறிவிக்கவேணும், தங்கச்சி.”

“என்ரை பிள்ளையைச் சட்டப்படியோ கொண்டு போனவங்கள்? நீங்கள் இந்தப் பேரைச் செத்ததெண்டு எழுதினால், நாளைக்கு அங்கை அவனை என்னவும் செய்யலாம். முந்தியே செத்த ஆள்தானே எண்டு சொல்லுவாங்கள். ஆர் போய்க் கேக்கிறது?”

விதானையார் பேனையை மூடினார். அவர் வேலைக்கே உலை வைக்கக்கூடிய காரியம் அது. “நான் இஞ்சை வரேல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அதனால் பத்திரிகையில் மரண அறிவித்தல் போடவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலரான கல்வெட்டும் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஏழை எளியவர்கூடக் கடன்பட்டாவது அந்தப் புத்தகத்தை அடித்து வந்தவர்கள் கையில் கொடுப்பார்கள். செத்தவீட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் கோபித்துக்கொண்டார்கள். காரணத்தைச் சொல்ல முடியாது. பத்துப் பேருக்குச் சொன்னால் பதினோராவது ஆள் எங்கே போய்ச் சொல்லுவார் என்று யாருக்குத் தெரியும்? எழுபது வருடம் அந்த மண்ணில் கிடந்து உழைத்த மனிதரை, களவு செய்தவர்களைப் போல ஒளித்து அனுப்பினோம். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஊரில் இருந்து காலிக்கு இரண்டு நாள் பயணம். தகப்பன் செத்தது தெரிந்தால் உள்ளே இருந்து என்ன செய்துகொள்வானோ என்று அம்மாவுக்குப் பயம். காலி பஸ் நிலையத்துக் கழிப்பறையில் வெள்ளைச் சேலையை மாற்றிக் கலர்ச் சேலை உடுப்பார். தாலி இல்லாத கழுத்தைத் தலைப்பால் மூடிக்கொள்வார். பிறகு என்னைப் பார்த்து நெற்றியை நீட்டுவார். நான்தான் குங்குமம் வைத்துவிடுவேன்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தம்பி நிற்பான். பத்து நிமிடம். காலமையில் அப்பாவின் பெயரைக் கூப்பிட, தான் கை உயர்த்துவதாகச் சொல்லுவான். பிறகு கேட்பான்.

“அப்பா சுகமோ?”

“ஓம், சுகம். தோட்டத்தை விட்டிட்டு வரேலாதாம்” என்பார் அம்மா.

வெங்காயம் என்ன விலை போகிறது, அப்பாவுக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டதா என்று அவன் ஒவ்வொரு முறையும் துருவித் துருவிக் கேட்பான். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார். மூன்று தரம் இது நடந்தது.

ஒருநாள் அவனை விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தோம் என்று சொல்லவில்லை, ஏன் விடுகிறோம் என்றும் சொல்லவில்லை. வழக்கு இல்லை, குற்றம் இல்லை. அப்பாவின் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி, அவ்வளவுதான். ஒரு நண்பகலில் அவன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். வெள்ளைச் சேலையோடும் வெறும் நெற்றியோடும் அம்மா முற்றத்தில் நின்றார். ஒளிக்க நேரமில்லை. அவன் கிட்ட வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். எதுவும் கேட்கவில்லை.

அம்மா சோறு போட உள்ளே போன நேரம், கிணற்றடியில் நான் கேட்டேன்.

“உனக்கு முதலே தெரியுமோ?”

“ஓம். எங்கடை பக்கம் பிடிபட்டு வந்த ஒராள் சொன்னவர். அப்பா செத்து ஒரு மாசத்துக்குள்ளையே தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. “பிறகேன்ரா ஒவ்வொரு முறையும் அப்பா சுகமோ, சுகமோ எண்டு அவவைப் போட்டு வதைச்சனீ?”

அவன் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினான்.

“அம்மா பொட்டு வைச்சுக்கொண்டெல்லோ வந்து நிண்டவ, அக்கா. நான் கேக்காமல் விட்டால், எனக்குத் தெரியும் எண்டு அவவுக்கு விளங்கிப்போடும்.”

அதை நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.