மோட்டார்காரர் குடித்த தண்ணீர்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் மோட்டார்காரர் என்றுதான் பேர். ஆற்றங்கரைப் பம்பு அறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. தினமும் சாயங்காலம் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், ஆற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு, வாசலில் நின்று எல்லோரும் பார்க்கக் குடிப்பார். அவர் குடிக்காமல் ஊரில் ஒருத்தரும் குடத்தை நீட்ட மாட்டார்கள். சட்டமெல்லாம் இல்லை. எப்போதோ ஊரே வயிற்றுப்போக்கில் படுத்தபோது, "முதல்ல நீ குடிச்சுக் காட்டுய்யா" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மனுஷனுக்கு ரோஷம் வந்து குடித்தார். அன்று பிடித்ததுதான், விடவே இல்லை. "மேடையில பரிசு வாங்கற மாதிரி நிக்கறீங்களே மாமா" என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

ஆறு என்று அதைச் சொல்வதே நம் பெருந்தன்மை. எல்லைக்கு அப்பால் மலையில் ஒரு பாறை இடுக்கில் கசிந்து, முக்கால்வாசி தூரம் அவர்கள் நாட்டில் ஓடி, கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து, எங்கள் ஊரை உரசிக்கொண்டு போய் ஓர் ஏரியில் முடிந்துவிடும். வேலி இல்லாத காலத்தில் அந்தப் பக்கத்து மாவு மில்லும் இந்தப் பக்கத்து வயலும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாம். சண்டை நடந்தது, கோடு போட்டார்கள். மில் அவர்களுக்குப் போனது, அதன் அழுக்கு மட்டும் எங்களுக்கு வந்தது. பிறகு மில் இருந்த இடத்தில் சாயப்பட்டறைகள். ஒரு நாள் ஆறு சிவப்பாக வரும், ஒரு நாள் ஊதாவாக வரும். மாமா கரையில் காவலிருந்து, சாயம் கடந்து போன பிறகே மோட்டாரைப் போடுவார். நிறம் தெரிந்தால் நிறுத்து, தெளிந்தால் எடு. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊருக்கும் அது போதுமாக இருந்தது.

போன வருஷம் அங்கே பட்டறைகளை மூடிவிட்டார்கள். அந்த இடம் முழுக்க பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, உரத்தைக் கொட்டி, ஏற்றுமதிக்குப் பூ வளர்க்கிறார்களாம். ஆறு தெளிந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. ஏதோ மாமாவே உட்கார்ந்து வடிகட்டிக் கொடுத்த மாதிரி ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் மூன்று மாசக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவளுக்குப் பால் ஊறவில்லை, டப்பாப் பால்தான். பேத்தியின் பாலுக்குத் தண்ணீர் காய்ச்சும் வேலையை மாமா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் அக்காவே அடுப்புப் பக்கம் போகப் பயந்தாள்.

ஒரு காலையில் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நகங்களும் அப்படியே. அழக்கூடத் தெம்பில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த சில நாட்களில் நிறம் திரும்பியது. இதயக் கோளாறாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு மட்டும் கிருமியோ என்று சந்தேகம். தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்தார். பாதியாகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு அசைய மாட்டார். ஒரு வாரம் ஆகவில்லை, குழந்தை மறுபடி நீலமானது, முன்னைவிட மோசமாக.

இந்த முறை பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ரத்தத்தை எடுத்தவள், அது காப்பி நிறத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே தண்ணீரைப் பற்றித்தான்.

"ஆத்துத் தண்ணிதாம்மா. கண்ணாடி மாதிரி இருக்கும். நானே தினமும் குடிக்கிறேன்" என்றார் மாமா.

"உரத்துல இருக்கற உப்பு அதுல கலந்திருக்குங்க. நிறம் தெரியாது, ருசி தெரியாது. பெரியவங்களை ஒண்ணும் பண்ணாது. கைக்குழந்தைக்குத்தான் ரத்தத்துல மூச்சு சேராம போயிடும்."

"ரெண்டு தரம் காய்ச்சித்தாம்மா குடுத்தேன்."

அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். "காய்ச்சினா கிருமி சாகும். இந்த உப்பு சாகாதுங்க. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்."

மருந்து கொடுத்தார்கள், மூச்சு விடக் குழாய் வைத்தார்கள். மத்தியானம் குழந்தை போய்விட்டது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுப்பு நல்லா எரியலைன்னு ஊதி ஊதி விட்டேன்டா" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் குடிநீர் வாரிய ஆபீசுக்குப் போய்ச் சொன்னோம். தண்ணீர் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கும் பக்கத்து நாட்டுக்கு எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். சாயங்காலம் பம்பு அறை வாசலில் ஊர் கூடியிருந்தது. மாமா டம்ளரைத் தொடவில்லை.

"இந்தத் தண்ணிய எடுக்கக் கூடாது. பச்சப்புள்ளைங்களுக்கு ஆகாது" என்றார். டாக்டரம்மா சொன்னதை நானும் சொல்லிப் பார்த்தேன். மாமனும் மச்சானும் துக்கத்தில் உளறுகிறார்கள் என்று ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் இருந்த ஊர்த் தையல்காரர் மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தார். பிறகு டம்ளரில் மொண்டு, வாசலில் நின்று, அதே மாதிரி மடமடவென்று குடித்தார்.

"ஒண்ணும் ஆகல பாருங்க" என்று சொல்லி மோட்டாரைப் போட்டார். கூட்டம் குழாயடிக்குப் போனது.

மாமா எழுந்து அவர்கள் பின்னால் போனார். இடுப்பில் குழந்தையோடு குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் போய்க் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"பாப்பாவுக்கு இதைக் குடுக்காதம்மா. உன் கால்ல வேணா விழறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பயப்படாதீங்கப்பா," என்றாள், "நல்லா சுண்டக் காய்ச்சித்தான் குடுப்பேன்."