மலர்க்கொடி போட்டுக் கொடுத்த ஹோம் தியேட்டர்

பாபநாசம் கடைத்தெருவில் டிவி விற்கிற கடைகள் நாலைந்து உண்டு. வாங்க வந்தவரிடமே, "இது உங்க வீட்டுக்கு வேணாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்துகிறவர் மலர்க்கொடி. வயது நாற்பத்து நாலு. வியாபாரம் தெரியாத பொம்பளை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டில் டிவி மாட்ட அவரைத்தான் கூப்பிட்டார்கள். அதை வெளியே சொன்னால் வம்பு.

பதினெட்டு வயதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர் மலர்க்கொடி. வாழ்க்கைப்பட்ட வீட்டில் மைக் செட் இருந்தது. காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று கணவர் அன்பரசன் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவார். கூடவே போன மலர்க்கொடி ஒரே வருஷத்தில், எந்தப் பந்தலில் எந்த மூலையில் பேச்சு குழறும் என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார். அன்பரசன் நல்ல மனுஷர். பெண்டாட்டி சொல்வது சரியென்றால் ஒத்துக்கொள்வார். ஊரில் பாதிப் பேருக்கு வராத குணம் அது. இன்றைக்கும் மைக் செட் அவருடையது. வீடுகளுக்குப் போய் டிவியும் ஸ்பீக்கரும் மாட்டுகிற வேலை மலர்க்கொடியுடையது.

விளையாட்டுப் பார்க்க டிவி கேட்டு வருகிறவர்கள் என்றால் மலர்க்கொடிக்குத் தனி அக்கறை. கடையில் ஓடுகிற கம்பெனி வீடியோவை நிறுத்திவிடுவார். அதில் பூவும் கிளியும்தான் வரும். பூ எங்கே ஓடப்போகிறது? பழைய கபடி ஆட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, ஓடுகிற ஆளின் காலைப் பார்க்கச் சொல்வார். சில டிவியில் அந்தக் கால் கலங்கிப் புகையாகத் தெரியும். விலை அதிகம் என்பதற்காக அந்த டிவி நல்ல டிவி ஆகிவிடாது. தஞ்சாவூரில் ஒருவர் அறுபத்தைந்து அங்குல டிவி வாங்கி, பழைய கேபிள் பெட்டியையே மாட்டிக்கொண்டு, பந்து தெரியவில்லை என்று மூன்று மாதம் டிவிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்தை மறந்த கதை. மலர்க்கொடி போய் பெட்டியை எச்டி பெட்டியாக மாற்றி, ஒரு ஒயரைப் போட்டுவிட்டு வந்தார். டிவி மேல் தப்பே இல்லை.

தை மாதக் கடைசியில் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்சவல்லி அவரைத் தேடி வந்தார். அம்சவல்லியின் மகள் செம்மொழி மாநிலப் பெண்கள் கபடி அணியில் ஆடுகிறாள். மாசி மாதம் வடக்கே நடக்கிற தேசியப் போட்டியை டிவியில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள். சாயந்திரம் நாலு மணி ஆட்டம். மகன் இளம்பரிதி துபாயிலிருந்து பணம் அனுப்பியிருந்தான், கூடவே கட்டளையும் அனுப்பியிருந்தான். சுவர் முழுக்கப் படம் தெரிகிற ப்ரொஜெக்டர், சுற்றிவர ஏழு ஸ்பீக்கர்.

மலர்க்கொடி வழக்கம்போலக் கேட்டார். "டிவிய அப்பறம் பாப்போம் அண்ணி. யாரு பாக்கப் போறா?"

"வேற யாரு, அவ அப்பாதான்" என்றார் அம்சவல்லி.

செம்மொழியின் அப்பா வீரையனுக்குச் சர்க்கரை கண்ணில் கைவைத்திருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்ததில் மிஞ்சியது கொஞ்சம். வலது கண்ணில் நடுவே இருட்டு. இடது கண், கிட்டப் போனால் தெரியும்.

மறுநாள் சரியாக நாலு மணிக்கு மலர்க்கொடி அந்த வீட்டுக்குப் போனார். பருவம் தப்பிப் பெய்த மழையால் கொள்முதல் நிலையத்தில் முறை வரவில்லை. சம்பா நெல் மொத்தமும் மூட்டை மூட்டையாகக் கூடத்துச் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. மேற்கு ஜன்னலில் வெயில் அடித்தது. வீரையன் ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட எல்லாரும் ஜெயிச்சத மட்டும்தான் சொல்றாங்க, மலரு" என்றார். "ஆறு வருசமா எம்பொண்ணு ஒரு தடவகூட தோக்கல, வுழல, அடிபடல. ஒலகத்துல யாராவது அப்புடி வெளயாடுவாங்களா? எனக்குப் பிரசரு ஏறிடும்னு எல்லாருமாச் சேந்து பொய் சொல்றாங்க. ஒரே ஒரு தடவ நானே பாக்கணும். யாரும் எனக்குச் சொல்லப்படாது."

மலர்க்கொடி அந்த இடத்திலேயே துபாய்க்கு வீடியோ கால் போடச் சொன்னார்.

"தம்பி, நாலு மணி வெயில்ல ப்ரொஜெக்டர் படம் வெளுத்துப்போயிரும். உங்கப்பாவுக்குப் பெரிய படம் வேணாம். பளிச்சுனு கிட்டத்துல தெரியற படம் வேணும்."

"ஊரே பாக்க வரும் அத்தை. சின்ன டிவிய வச்சா என்ன நெனப்பாங்க?"

"ஊருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் மலர்க்கொடி.

கடையிலிருந்து மூன்று டிவிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் அதே பழைய ஆட்டத்தைப் போட்டார். வீரையனின் நாற்காலியை அரை அடி, அரை அடியாக நகர்த்தி, "இப்ப பாடிப் போறவ முதுகுல என்ன நம்பருண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது தடவை, ஐந்தடி தூரத்தில், முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொண்டு வீரையன் சரியாகச் சொன்னார். ஐம்பத்தைந்து அங்குல டிவி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நாற்காலிக்குக் கோடு போட்டாயிற்று. டிவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டவேண்டும் என்று அம்சவல்லி பிடிவாதம் பிடித்தார். "அண்ணே கழுத்து கொக்கு கழுத்தா?" என்று கேட்டுவிட்டு, மலர்க்கொடி அதை உட்கார்ந்த ஆளின் கண்ணுக்கு நேராக வைத்தார்.

ஏழு ஸ்பீக்கரும் வேண்டாமென்றார். மூன்று போதும், அதில் டிவிக்கு நேர் கீழே இருக்கிற ஒன்றுதான் முக்கியம். பேச்சு அதில்தான் வரும். ஒரே நிறச் சட்டையில் ஏழு பேர் நிற்கும்போது, பாடிப் போகிறவள் யாரென்று வர்ணனைக்காரர் பெயர் சொன்னால்தான் வீரையனின் கண் அவளைப் பிடித்துக்கொள்ளும். போட்டுக் காட்டியபோது ஒவ்வொரு பெயரும் கணீரென்று விழுந்தது. மலர்க்கொடிக்கே தன் வேலைமேல் ஒரு பெருமை வந்தது.

ஆட்டத்தன்று மத்தியானம், யாரும் கூப்பிடாமலே ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். அந்த மாதிரி ஆள் அவர். வாசலில் செருப்பை விடும்போதே அம்சவல்லியின் குரல் உள்ளேயிருந்து எதிரொலித்து இரண்டு தடவை கேட்டது. கூடத்தில் நெல் மூட்டை ஒன்றுகூட இல்லை. முதல்நாள் முறை வந்து, கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. புதுசாகப் போட்ட டைல்ஸ் தரை, நாலு பக்கமும் மொட்டைச் சுவர். டிவியில் பழைய ஆட்டத்தைப் போட்டால் வர்ணனைக்காரர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். பெயரும் கூட்டத்தின் கூச்சலும் ஒன்றாய்க் குழைந்தன.

"ஒண்ணும் வெளங்கல மலரு" என்றார் வீரையன். கோபமில்லை. இதுவும் கிடைக்காது போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்கிற குரல். அதுதான் மலர்க்கொடியைச் சுட்டது.

"தப்பு எம்மேலதாண்ணே. மூட்டை எதிரொலியக் குடிச்சிக்கிட்டு இருக்கறப்ப சத்தத்த சரிபண்ணிட்டுப் போயிட்டேன். அறுவடை வீட்டுல நெல்லு ஒரே எடத்துல கெடக்குமா? நடவு நட்டவளுக்கு இது தெரிஞ்சிருக்க வேணாமா?"

வேறு யாராக இருந்தாலும் ஸ்பீக்கர் மேல், கரண்டு மேல், கம்பெனி மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். மலர்க்கொடி கொல்லைக் கதவைத் திறந்தார். இயந்திரம் கட்டிய வைக்கோல் கட்டுகள் மாட்டுக்கென்று அங்கே அடுக்கியிருந்தன. மணி ஒன்றரை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் கட்டை அவரே உள்ளே உருட்டினார்.

"டைல்ஸ் வூட்டுக்குள்ள வைக்கலா?" என்று அம்சவல்லி வழியை மறித்தார். "வர்றவங்க காறித் துப்புவாங்க."

"துப்பட்டும் அண்ணி. நாளைக்கி நானே வந்து கூட்டித் தரேன்."

அம்சவல்லி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் மறுபக்கம் பிடித்து உருட்டினார். மூட்டைகள் இருந்த சுவர்களில் கட்டுகள் இரண்டு வரிசையாக ஏறின. வீட்டில் இருந்த பாயையெல்லாம் தரையில் விரித்தார்கள். ஒவ்வொரு கட்டாக ஏற ஏற மலர்க்கொடி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார், எழுந்து ஒன்றை நகர்த்துவார், மறுபடி உட்காருவார். மூன்றரை மணிக்கு ஒரு பெயர் தெளிவாக வந்தது. அடுத்ததும் வந்தது. தலைமுடியெல்லாம் வைக்கோல்.

துபாயிலிருந்து வீடியோ காலில் எட்டிப் பார்த்த இளம்பரிதி, "ஹோம் தியேட்டர் கேட்டா மாட்டுக்கொட்டாய் போட்டு வச்சிருக்கீங்களே அத்தை" என்றான். வந்த ஜனங்கள் யாரும் துப்பவில்லை. மிச்சமிருந்த கட்டுகளின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்கள். வீரையனுக்கு முன்னால் மட்டும் ஒருவரும் உட்காரக் கூடாது என்று மலர்க்கொடி காவல் நின்றார்.

முதல் பாதியில் செம்மொழி இரண்டு தடவை பாடிப் போய்ப் புள்ளி எடுத்து வந்தாள். கூடம் கைதட்டியது. வீரையன் முகத்தைத் திருப்பியபடி அசையாமல் இருந்தார். பார்க்கிறாரா, கைதட்டலை மட்டும் கேட்கிறாரா என்று மலர்க்கொடிக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

கடைசி நிமிஷங்களில் மறுபடி அவள் பெயர் வந்தது. செம்மொழி போனாள், ஒருத்தியைத் தொட்டாள், திரும்பினாள். கீழே கிடந்த ஒருத்தி கணுக்காலைப் பற்ற, மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அம்சவல்லிதான் ஆறு வருஷப் பழக்கத்தில் சட்டென்று சொன்னார்.

"நம்ம புள்ள பாயிண்டு எடுத்துட்டா."

"இல்லடி" என்றார் வீரையன். "வலது கால புடிச்சிட்டாங்க. கையி கோட்டத் தொட ஒரு சாண்தான் இருந்திச்சு. எழுந்திரிக்கிறா பாரு, முட்டியத் தொடைச்சிக்கிட்டு." அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்தால் படம் மறைந்துவிடும் என்று கையைத் தூக்கவில்லை.



அம்சவல்லி புருஷனின் முகத்தையே பார்த்தார். "ஆமாங்க" என்றார். "அவுட்டு."