நீதிபதிக்கு முன்னால் போடியம் தள்ளிய நாள்

சேர்ந்த முதல் கிழமையே வேலை போகப் பார்த்தது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில், ஒரு கல்லூரி மண்டபத்தில் கதிரை அடுக்குவது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. கல்லூரிக்குள் நான் கால்வைத்ததே கதிரை தூக்கத்தான்.

அன்று பேச வந்தவர் ஹெயிட்டியில் பிறந்த ஒரு கறுப்பின நீதிபதி. அவர் நின்று பேசும் போடியத்தையும் மைக்கையும் சரிபார்த்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனேன். திரும்பி வந்தேன். மண்டபம் நிறைய மாணவர்கள். அத்தனை பேரும் கதிரையைத் திருப்பிப் போட்டு, போடியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

'அடப்பாவி, போடியத்தைப் பிழையான பக்கம் வைத்துவிட்டாய்' என்று என்னையே திட்டிக்கொண்டேன். நீதிபதி வாசலில் வந்து நிற்கிறார். நல்ல காலம், அது சில்லு வைத்த போடியம். கடகடவென்று தள்ளிக்கொண்டு போய் மாணவர்களின் முகத்துக்கு நேரே நிறுத்தினேன்.

முன்னால் இருந்த சென்னைப் பையன் கார்த்திக் பதறினான்.

"அண்ணா, என்ன பண்றீங்க? இது ப்ரொடெஸ்ட்ணா!"

"முதுகைக் காட்டியோ? அந்த மனுசன் என்ன செய்தவர்?"

"கறுப்பரா இருந்துக்கிட்டு கன்சர்வேட்டிவா தீர்ப்பு எழுதறாரு. அவரு ஆளுங்களுக்கே துரோகம்ணா."

"நீ அவரின்ரை தீர்ப்பு வாசிச்சனியோ?"

"இல்ல... எல்லாரும் சொல்றாங்க."

"நானும் வாசிக்கேல்லை. அப்ப ரெண்டு பேரும் ஒரே வகுப்பு."

அதற்குள் சூப்பர்வைசர் சிவா அண்ணை ஓடி வந்தார்.

"டேய் விசரா! ஆரடா உன்னைப் போடியத்தைத் தொடச் சொன்னது? நாளையிலை இருந்து வீட்டிலை நில்!"

சில மாணவர்கள் கதிரையை மறுபடி திருப்ப எழும்பினார்கள். நீதிபதி மெதுவாக நடந்து வந்து போடியத்தில் கையை வைத்தார். "திருப்புங்கள், திருப்புங்கள். இவர் தள்ளுவார், நான் பின்னால் வருவேன். டாக்டரும் என்னை நடக்கத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

யாரோ ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. சிலர் வெளியே போனார்கள். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள்.

அவர் பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கியது. "இரக்கப்பட்டு நான் இன்று சட்டத்தை வளைத்தால், நாளைக்கு வெறுப்புள்ள ஒருவன் அதே சட்டத்தை வளைப்பான். முதலில் அடிபடுவது என் நிறத்து ஆட்கள்தான்" என்றார். கார்த்திக் எழும்பி நின்று, விடாமல் வாதாடினான். நீதிபதியும் விடவில்லை. கடைசிவரை இரண்டு பேரும் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள்.

பேச்சு முடிந்து, அவர் தண்ணீர் குடித்த கிளாசை எடுக்கப் போனபோது, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அவரிடம் கேட்டேன், கோபம் வரவில்லையா என்று.

"வந்தது. நான் என்ன நினைக்கவேண்டும் என்று என் தோலைப் பார்த்துச் சொல்கிறார்களே, வராதா?" என்றார். பிறகு சிவா அண்ணையிடம், "அடுத்த முறையும் இவரே மண்டபத்தை ஒழுங்குபண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவா அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நாளைக்கு நேரத்துக்கு வா."

'தமிழனாப் பிறந்து உப்பிடிக் கதைக்கலாமோ' என்று என்னிடமும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருவார். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பேச வருகிறவர் யாராக இருந்தாலும், சில்லு வைத்த போடியமாகப் பார்த்து எடுங்கள்.