டர்போ விளக்கு

அழுத்தினால் ‘டிக்’கென்று உள்ளே போய் நிற்கும், மறுபடி அழுத்தினால் அதே சத்தத்தோடு வெளியே வரும். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில், துணி உறை போட்டு மூடிவைத்த எங்கள் முதல் கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த ‘டர்போ’ பட்டனைச் சொல்கிறேன். உள்ளே போனால் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும், பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்; வெளியே வந்தால் வேகம் குறைந்து விளக்கு அணையும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் சிறுவயதைவிட, அந்தப் பட்டனுக்கு முன்னால் கழிந்த என் மகள் வித்யாவின் சிறுவயதுதான் இப்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. செஸ்ஸில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். பள்ளி விட்டு வந்து, யூனிபாரம்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரோடு ஆடுவாள், பெரும்பாலும் ஜெயிப்பாள், ஜெயித்ததும் திரையைப் பார்த்து ‘போடா அசடு’ என்பாள். விளக்கு அணைந்திருந்தால்தான் ஆட உட்காருவாள். முழு வேகத்தோடு மோத இன்னும் நாளாகும் என்று அவளே வைத்துக்கொண்ட விதி அது.

நான் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன். வேகம் கூடக் கூட இயந்திரம் உலகத்தின் எந்த ஆட்டக்காரரையும் தோற்கடித்துவிடும் என்பது என் கட்சி. அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொடுத்த தி.நகர் இப்ராஹிம் ஒப்புக்கொள்ளவே மாட்டார். “வண்டி ஸ்பீடா போவுதுன்னா அதுக்கு வழி தெரியும்னு ஆயிடுமா சார்?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை அடக்க எனக்கு ஒரு நிரூபணம் வேண்டியிருந்தது. உலக சாம்பியன் எனக்கு அகப்படமாட்டார். மகள் வீட்டிலேயே இருந்தாள்.

அவள் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து விளக்கின் ஒயரைக் கழற்றினேன். பட்டனை உள்ளே தள்ளினேன். அவள் பட்டனைப் பார்க்கமாட்டாள், விளக்கைத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் பயந்து ஆடுவாள், சோதனை கெட்டுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றே தோற்றாள். மறுநாளும் தோற்றாள். ‘அசடு’ நின்றுபோனது. ஒருநாள் கம்ப்யூட்டருக்குத் துணி உறையைப் போட்டபடி, “எனக்கு ஆட வராது போலிருக்குப்பா” என்றாள். கவனமாக ஆடு என்று சொல்லிவிட்டு, இப்ராஹிமுக்குப் போன் செய்து என் வெற்றியைச் சொன்னேன். யாரை வைத்து ஜெயித்தேன் என்று சொல்லவில்லை. விளக்கை மறுபடி மாட்டவும் இல்லை.

அடையாறில் நடந்த மாநிலப் போட்டியில், ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களில் டிரா கேட்டாள். எதிரே ஆடியவர்கள் மறுத்தபோது பதறித் தோற்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தும் உட்காரவில்லை; கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த ஞாயிறு, வேறு ஏதோ கோளாறுக்காக இப்ராஹிம் வந்து பெட்டியைத் திறந்தார். வித்யா பக்கத்தில் நின்றாள்.

“இன்னா சார், லைட்டு ஒயரு கழண்டு கீது? பட்டன் உள்ள கீது. அப்ப ஃபுல் ஸ்பீடுலதான் ஓடிக்கினு இருந்துதா?”

நான் உண்மையைச் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “கொயந்தயாண்டயா சார் டெஸ்ட் பண்ணே?”

வித்யா அழவில்லை. “நான் தோக்கறச்சே நீ பார்த்துண்டுதானே இருந்தே?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செஸ் ஆடவில்லை. பின்னாளில் மன்னிப்புக் கேட்டேன்; “சரிப்பா” என்றாள்.

சில வருடங்களில் ஒரு பெரிய இயந்திரம் உலக சாம்பியனையே தோற்கடித்தது. நான் சொன்னதுதான் கரெக்ட் என்று இப்ராஹிம் போனில் ஒப்புக்கொண்டார். வேகம் மட்டுமா காரணம் என்று அன்று அவரிடம் நானே விவாதித்திருக்கலாம். ரிசீவரை வைத்துவிட்டேன்.

இன்று அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். டர்போ பட்டன் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. சட்டைப்பையில் அடங்கும் போன் எந்தச் சாம்பியனையும் ஜெயிக்கிறது. போன மாதம் வந்த வித்யா எனக்கு அப்படி ஒன்று வாங்கிக்கொடுத்து, பொழுதுபோகட்டும் என்று செஸ்ஸும் போட்டுவைத்தாள். கொடுக்கும் முன் அதைக் கையில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல அந்த லைட்டு எங்கேப்பா இருக்கு?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் போனை வாங்கி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.