இலையில் உட்கார்ந்த கால்சியம்

"உக்காந்தா உக்காந்ததுதான். கெஞ்சிக் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காது!"

சித்தி இதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். புதிதாகக் கேட்பவர்கள் நாற்காலியில் பேப்பர் படிக்கும் சித்தப்பாவைப் பார்ப்பார்கள். சித்தப்பாவும் அவசரமாக நிமிர்ந்து உட்காருவார். பாவம், திட்டு அவருக்கில்லை, கால்சியத்துக்கு.

புளூபெர்ரித் தோட்டத்தின் பரிசோதனைக்கூடத்தில் சித்திக்கு வேலை. இலையையும் பழத்தையும் காயவைத்து, சாம்பலாக்கி, எதில் எவ்வளவு கால்சியம் என்று பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதை மேசை முழுக்கத் தேடுவதும் அந்த வேலையில் சேர்த்தி. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பாடம்தான்.

"வேர் தண்ணிய உறிஞ்சும்போது கால்சியமும் தொத்திக்கிட்டு வரும். தண்ணி எங்க அதிகமா ஆவியாகுதோ, அங்க போய் இறங்கிடும். அது இலைதான். பழம் பிஞ்சா இருக்கிறப்ப கொஞ்சம் வாங்கிக்கும். நிறம் ஏறிட்டா கதவைச் சாத்திக்கும். இலையில இருந்து திரும்பியும் வராது. பழம் கெட்டியா இருக்க கால்சியம்தானே வேணும்?"

அந்த வருடம் நாலாவது வரிசைப் பழங்கள் கொழகொழத்தன. பெட்டியில் வைத்த இரண்டாம் நாளே சாறு ஒழுகியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிப் பாருங்கள், அதுதான் மேனேஜர் குரல்.

"இலை ரிப்போர்ட்ல கால்சியம் எக்கச்சக்கம். அப்ப செடிதான் சரியில்ல. வரிசையையே பிடுங்கிடலாம்."

ஒன்பது வருடத்துக்கு முன் அந்த வரிசையைக் குச்சி குச்சியாக நட்டு வளர்த்ததே சித்திதான். விடுவாரா?

"பழத்தைச் சோதிக்கணும் சார்."

"இத்தனை வருஷமா இலையைத்தானே சோதிக்கிறோம்?"

"அதான் இந்த வருஷம் பெட்டியில சாறு விக்கிறோம்."

அடுத்த காய்ப்பு வரைக்கும் தவணை கிடைத்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று சித்தப்பா ஒரு மூட்டை சுண்ணாம்போடு தோட்டத்துக்குக் கிளம்பினார். சித்தி வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு மறித்தார்.

"இது புளிப்பு மண்ணுல வாழுற செடிங்க. சுண்ணாம்பைக் கொட்டினா இலையெல்லாம் மஞ்சளாயிடும். வேணும்னா நீங்க வாயில போட்டுக்கோங்க!"

"நாக்கு வெந்துடுமேம்மா."

"வேருக்கு மட்டும் என்னவாம்?"

மூட்டை திரும்பிப் போனது. காய் மிளகு அளவில் இருந்தபோது, சித்தி பாதி வரிசையில் அடியிலிருந்து கொழுத்து வளர்ந்த தளிர்க்கிளைகளை வெட்டினார். தண்ணீரை இழுக்கும் இலை குறைந்தால் பழத்துக்கும் பங்கு கிடைக்கும் என்பது கணக்கு. கூடவே பிஞ்சுகள் நனையும்படி கால்சியம் கரைசலைத் தெளித்தார். மீதிப் பாதியைத் தொடவில்லை.

"என்னக்கா, செடிக்கு முடிவெட்டா?" என்றார் பழம் பறிக்கும் பெண்மணி.

"ஆமா, அடுத்தது உனக்குத்தான். வா, உக்காரு!"

பழுத்ததும் பாதிக்கு ஒன்றாக இரண்டு பெட்டி. ஐந்தாம் நாள் மேனேஜர் திறந்தார். தொடாத பாதியின் பெட்டி அடியில் ஈரம். வெட்டிய பாதியின் பழத்தை அழுத்தினார். விரலுக்குக் கீழே கல்லு மாதிரி நின்றது.

"சரி, வரிசையைப் பிடுங்க வேணாம்," என்றார் மேனேஜர். அதோடு நிறுத்தினாரா? மூக்கு திரும்பவும் பேசியது. "ஆனா இலை குறைஞ்சு போச்சே. யாராவது போட்டோ எடுத்தா தோட்டம் ஒல்லியா தெரியுமே?"

சித்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கூடையோட வர்றவங்களுக்குப் பழத்தைக் காட்டுங்க சார். கேமராவோட யாராவது வந்தா என்னைக் கூப்பிடுங்க, வரிசைக்கு முன்னாடி நான் வந்து நின்னுக்கறேன். அப்புறம் எவன் ஒல்லின்னு சொல்றான்னு பாக்கலாம்!"