தொகுப்பு ஆல்பத்தில் அண்ணியின் குரல்

எங்கள் ராக் பேண்டில் மூன்றே பேர். அண்ணன் என்று நான் கூப்பிட்டவர் கிடார் வாசித்துக்கொண்டே பாடுவார். நான் பேஸ் கிடார். டிரம்ஸ் வாசித்தவன் திருப்பதியில் என்னோடு படித்தவன். புத்தூரில் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் பயிற்சியும் ஒலிப்பதிவும். தமிழிலும் தெலுங்கிலும் பாட்டுகள் செய்து இணையத்தில் போடுவோம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் எங்களைத் தெரியும்.

அண்ணி காய்ச்சலில் இறந்துபோன பிறகு அண்ணன் ஒரு பாட்டுகூட எழுதவில்லை. இரண்டு வருடம் அப்படியே போயிற்று. டிரம்மர்தான் ஒருநாள், "புதுசு வரலன்னா இன்னா இப்போ? பழசுல நல்லதா பத்து எடுத்து ஒரே ஆல்பமா வுடலாம்ணா" என்றான். அண்ணன் தலையாட்டினார்.

திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்தோம். முதல் பாட்டில் அண்ணன் குரலை மட்டும் தனியாக ஓட்டிய ஒலிப்பதிவாளர் சட்டென்று நிறுத்தி, "ஈ கொந்து எவரிதி?" என்று தெலுங்கில் கேட்டார். யாருடைய குரல் இது? அண்ணன் மூச்சு வாங்கும் இடைவெளியில், தூரத்தில், ஒரு பெண் அதே மெட்டை ஹம்மிங் செய்துகொண்டிருந்தாள்.

அண்ணி. கதவோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கூடப் பாடுவார்.

அழித்துவிடலாமா என்றார் ஒலிப்பதிவாளர். "தொடாத" என்றார் அண்ணன். "மத்த பாட்டுலயும் குரல மட்டும் தனியா போடு."

பாட்டுகளை எடுத்த வரிசையில்தான் அடுக்கியிருந்தோம். முதல் நான்கில் அண்ணி இருந்தார். ஐந்தாவதிலிருந்து இல்லை. மீதி ஆறு பாட்டுகளையும் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுல எல்லாம் அவ ஏன்டா பாடல?"

எனக்குத் தெரியும். ஐந்தாவது பாட்டை எடுத்த அன்று, அண்ணன் கீழே போயிருந்தபோது, "உங்க குரல் மைக்ல வுழுது அண்ணி" என்று சொன்னவன் நான். "சரிப்பா" என்று கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு மாடிக்கு வரவேயில்லை.

"தெரியலணா" என்றேன்.

ஆல்பம் வெளிவந்தது. வாழ்த்துகள் குவிந்தன. ஒரு கல்லூரியில் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சியில் முதல் பாட்டு, அந்த இடைவெளி வந்ததும் அண்ணன் நின்றுவிட்டார். கதவைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நின்றார். மூன்றாவது முறை கிடாரைக் கழற்றினார்.

"போதும்பா. இனிமே என்னால ஆவாது."

சண்டையில்லை. டிரம்மர் தடா பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நான் சித்தூருக்கு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்த ஆல்பத்தைக் கேட்பேன். அண்ணி இருக்கும் நான்கு பாட்டுகளை எப்படியோ கேட்டுத் தாண்டிவிடுவேன். அவர் இல்லாத ஆறுதான் என்னை விடவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

போன வருடம் புத்தூருக்குப் போய் அன்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணன் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா" என்றார். "அன்னிக்கே கீழ வந்து சொன்னா. தம்பி சொல்றது நாயந்தானேன்னு சிரிச்சிகினே சொன்னா."

"அப்போ ஸ்டுடியோல ஏன்ணா என்னக் கேட்ட?"

ஈரச் சட்டையை உதறினார். "நீ சொல்றியான்னு பாத்தேன்."

பிறகு, "துன்னுட்டுப் போ" என்றார். அவரே சமைத்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.